சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு குட்டிக் கடல்!

செங்கல்பட்டு லோக்கலில் தொங்கிக்கொண்டே காலேஜ் போற பார்ட்டியா நீங்க? அப்போ இந்த ரூட் உங்களுக்கு மனப்பாடமா இருக்கும். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி... பொத்தேரி வந்ததும் பாதி ரயில் காலி. பையைத் தூக்கிட்டு அத்தனை பேரும் இறங்கிடுவாங்க. நீங்க இறங்காதீங்க. காட்டாங்கொளத்தூர், மறைமலை நகர் ரெண்டையும் தாண்டினா ஜன்னல் சீட்டே கிடைக்கும். அதுக்கு அடுத்த ஸ்டேஷன்தான் சிங்கப்பெருமாள் கோவில்.

ஊர் பேரே கோயில் பேர். சின்னக் குன்று, அதைக் குடைஞ்சு பல்லவர் காலக் குடைவரைக் கோயில். உள்ளே நரசிம்மர் உட்கார்ந்திருக்கார். ஆரத்தி தட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டி, "நெத்தியைப் பாருங்க"னு பட்டர் சொல்லும்போது மூணாவது கண் தெரியும். பெருமாளுக்கு நெற்றிக்கண்! மலையைக் குடைஞ்சு செஞ்ச சந்நிதிங்கறதால சுவாமியைச் சுத்தணும்னா மொத்தக் குன்றையும் சுத்தணும். பின்பக்கம் அழிஞ்சில் மரம், அதுல மஞ்சள் கயிறு. குன்றுக்குப் பாடலாத்ரினு பேர். செந்நிற மலைனு அர்த்தம். இந்தச் சிவப்பு நிறம் பத்தி பின்னாடி ஒரு மேட்டர் இருக்கு, ஞாபகம் வச்சுக்கங்க.

நாம இன்னைக்குக் கோயிலுக்கு வரலை. கோயில்ல இருந்து பொடிநடை தூரத்துல, ஒரு மாடி ரூம்ல இருக்கற கடலைப் பார்க்க வந்திருக்கோம்.

ஆமா பாஸ், கடல்தான். நிஜக் கடல் இங்கேருந்து நேர் கிழக்கே 25 கிலோமீட்டருக்கு மேல. ஆனா என் நண்பன் மூணடிக் கண்ணாடித் தொட்டியில சுமார் 130 லிட்டர் கடலைக் கொண்டுவந்து ரூம்ல வச்சிருந்தான். ஃபைனல் இயர். சொந்த ஊர் மண்டபம் பக்கம். ராத்திரி பத்து வரைக்கும் ஃபுட் டெலிவரி ஓட்டிச் சேர்த்த காசு, செமஸ்டர் லீவுக்குக்கூட ஊருக்குப் போகாம மிச்சம் பிடிச்ச காசு, எல்லாத்தையும் போட்டு வாங்கின தொட்டி. அதுல ரெண்டு க்ளவுன் மீன். 2003ல வந்த 'ஃபைண்டிங் நீமோ' ஹீரோ இருக்கே, ஆரஞ்சுல வெள்ளைப் பட்டை போட்டது, அந்த ஜாதி.

நான் போன ஜனவரி ஞாயித்துக்கிழமை அங்க ரெண்டு மீன் இல்லை. ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்துச்சு.

கண்ணாடி முழுக்கப் பச்சைப் படலம். பாறைகள்ல ரெண்டு இஞ்ச் நீளத்துக்குப் பச்சை முடி ஆடுது. மணல் மேல காவியும் சிவப்பும் கலந்த வழவழப்பு, அதுக்கு நடுவுல குட்டிக் குட்டிக் காத்துக் குமிழ். ரூமுக்குள்ள மழைக்காலத்துக் கொட்டகை வாசனை. நண்பன் சுவத்துல சாஞ்சு உட்கார்ந்து, "மச்சான், வித்துடலாம்னு இருக்கேன்டா. ஓ.எல்.எக்ஸ்ல போட்டோ எடுத்துப் போடு"ன்னான். இந்தப் பச்சையை போட்டோ எடுத்தா எவன் வாங்குவான்னு எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அவன் மூஞ்சியைப் பார்த்து அடக்கிட்டேன்.

இந்த மூணடிக்குள்ள என்ன நடந்துச்சுனு கண்டுபிடிக்க நாங்க மூணு இடம் சுத்தினோம். நீங்களும் வாங்க.

முதல்ல ஃப்ளாஷ்பேக். டிசம்பர் ரெண்டாவது வாரம், பெரிய மழை ஓய்ஞ்ச மூணாவது நாள், குட்டியானையில ஏழு கேன் ஏத்திட்டுப் போய்க் கடல் தண்ணி மொண்டு வந்திருக்கான். மூணாம் நாளே மீனை விட்டுட்டான். கடைக்காரர் "ஒரு பாட்டில் பாக்டீரியா ஊத்திட்டா போதும்"னு சொன்னாராம். எந்தக் கடைனு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு மணல் மேல காவித் தூள் மாதிரி படிஞ்சுது. பையன் பதறிட்டான். கடையில போய் நின்னா, கையில இன்னொரு பாட்டில். பாசியைக் கொல்ற மருந்தாம். ராத்திரி ஊத்தினான். காலைல பார்த்தா தொட்டியில இருந்த அஞ்சு நத்தையும் மல்லாந்து கிடக்கு. மறுநாள் ஒரு க்ளவுன் மீனும் போச்சு. அடுத்த பத்து நாள்ல இந்தப் பச்சைக் காடு.

இதுல சோகம் என்னன்னா, அந்தக் காவித் தூளுக்கு மருந்தே தேவையில்லை.

அது டயாட்டம். ஒத்தைச் செல் பாசி. தன்னைச் சுத்தி சிலிக்காவால, அதாவது கண்ணாடிக்கு மூலப்பொருளான அதே சரக்கால, ஓடு கட்டிக்கும். நாம இழுக்கற ஆக்ஸிஜன்ல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு உலகம் முழுக்க இருக்கற டயாட்டம்களோட உபயம்னு சொல்றாங்க. அதனால ரொம்பத் திட்டாதீங்க. புதுசா வச்ச எந்தக் கடல் தொட்டியிலயும் ரெண்டாவது, மூணாவது வாரம் இது எட்டிப் பார்க்கும். மணல்லயும் தண்ணியிலயும் இருக்கற சிலிக்கா தீர்ற வரைக்கும் ஆட்டம் போட்டுட்டு, தானா அடங்கிடும். உலகம் முழுக்கக் கடல் தொட்டி வைக்கறவங்க இந்தச் சில மாசத்தை 'அசிங்கமான காலம்'னே செல்லமா சொல்றாங்க. முதல்ல காவி, அப்புறம் பச்சை, சில சமயம் சிவப்பு. ஃபர்ஸ்ட் இயர் பையன் மீசை மாதிரி. பார்க்கச் சகிக்காது, ஆனா கடந்துதான் ஆகணும்.

அதுக்குள்ள இன்னொரு வேலையும் சத்தமில்லாம நடந்துட்டிருக்கும். மீன் கழிவு, மிச்ச தீனி எல்லாம் அழுகினா அம்மோனியா. அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அதுல விஷம் ரொம்பக் குறைவு. இந்த ரெண்டு கூட்டமும் பாறையிலயும் மணல்லயும் குடியேற நாலுலேருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரைக்கும் மீன் விடக்கூடாது. நம்மாளு மூணாம் நாளே விட்டான். மருந்து ஊத்தினதும் செத்த பாசி, செத்த நத்தை எல்லாம் ஒண்ணா அழுக, அம்மோனியா எகிறிடுச்சு. மீன் போச்சு. அந்த அம்மோனியா அப்புறம் நைட்ரேட்டா மாறி, பச்சைப் பாசிக்கு உரம் போட்ட மாதிரி ஆயிடுச்சு. கொல்ல ஊத்தின மருந்தே வளர்க்கற உரம்!

நத்தை ஏன் செத்துச்சு? பாட்டிலைத் திருப்பிப் பார்த்தோம். காப்பர் சல்ஃபேட். செம்பு பாசியைக் கொல்லும், அதோட நத்தை, இறால், நண்டு அத்தனையையும் சேர்த்துக் கொல்லும். நத்தை இருக்கற தொட்டிக்கு அதைக் கொடுத்து அனுப்பின மனுஷனை நினைச்சா எனக்கு இப்பவும் ஆறலை.

கொளத்தூர்: நன்னீர் ராஜ்யம்

மறு வாரம் கிளம்பினோம். பீச் லோக்கல்ல ஏறி பார்க் ஸ்டேஷன், ரோட்டைத் தாண்டி மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ், அங்கிருந்து திருவள்ளூர் ரயில்ல வில்லிவாக்கம். அங்கேருந்து ஷேர் ஆட்டோல கொளத்தூர். வண்ண மீன் வளர்க்கறவங்களுக்கு இந்தியா முழுக்கத் தெரிஞ்ச ஊர். வீட்டு மொட்டை மாடியில, கொல்லையில, சிமென்ட் தொட்டி கட்டி மீன் குஞ்சு பொரிக்கற குடும்பங்கள் இங்க ஏராளம். கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ், ஏஞ்சல், ஃபைட்டர், கோய்... பாலிதீன் பையில காத்து அடைச்சு வரிசையா தொங்கும். ஒரு தடவை போய்ப் பாருங்க, பர்ஸை வீட்ல வச்சுட்டுப் போங்க.

ஆனா இது நன்னீர் மீன் ராஜ்யம். உப்புத் தண்ணி சமாச்சாரம் சில கடைகள்லதான். அதுல ஒரு கடையில ஒருத்தர் குரலைத் தாழ்த்தி, "லைவ் ராக் இருக்கு, ராமேஸ்வரம் சரக்கு, கிலோ கணக்குல தரேன்"னார். உயிர்ப் பாறை. பாக்டீரியாவும் குட்டி உயிர்களும் குடியிருக்கற, பவளத்திட்டுலேருந்து வெட்டின பாறை. அதைப் போட்டா தொட்டி சீக்கிரம் செட் ஆகும்ங்கறது உண்மைதான். நண்பன் முகம் மாறிடுச்சு. "எங்க ஊர்ல இதுக்கு ஜெயில்ணே"ன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டான்.

அவன் சொன்னது சரி. மன்னார் வளைகுடால 21 தீவு. 1986லயே கடல் தேசியப் பூங்காவா அறிவிச்சாச்சு. பவளம், கடல் குதிரை எல்லாம் 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ வருது. எடுக்கறதும் தப்பு, விக்கறதும் தப்பு, வாங்கி ரூம்ல வைக்கறதும் தப்பு. தொட்டி வைக்கற ஆசை இருக்கறவங்க காய்ஞ்ச பாறையோ, செயற்கைப் பாறையோ வாங்குங்க. மீனும் அப்படித்தான். க்ளவுன் மீனைத் தொட்டியிலயே குஞ்சு பொரிக்க வைக்கற டெக்னிக்கை மண்டபத்துல இருக்கற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையமும் கத்துக்கொடுத்தாச்சு. கடல்ல பிடிச்சதா, தொட்டியில பொரிச்சதானு கேட்டு வாங்குங்க. பொரிச்சது சாகாம நிக்கும், அது வேற லாபம்.

கொளத்தூர்ல உருப்படியா வாங்கினது மூணே ஐட்டம். உப்பு அளக்கற ஹைட்ரோமீட்டர் ஒண்ணு, அம்மோனியா-நைட்ரேட்-பாஸ்பேட் டெஸ்ட் கிட், செம்புக்கு ஒரு டெஸ்ட் கிட். ரூமுக்கு வந்து ஹைட்ரோமீட்டரைத் தொட்டியில விட்டோம். கடல் தண்ணி 1.025 காட்டணும். முள் 1.018ல நிக்குது!

"டேய், நீ எந்தக் கடல்ல மொண்ட?"

முகத்துவாரம்

அடுத்த ஞாயிறு அவன் மொண்ட இடத்துக்கே பைக்ல போனோம். இந்த ரூட்டை நீங்க கட்டாயம் ஒரு தடவை ஓட்டணும். ஜி.எஸ்.டி. ரோட்ல வண்டலூர் வரைக்கும் லாரிங்களோட மல்லுக்கட்டல். அங்க வலது பக்கம் திரும்பினா கேளம்பாக்கம் ரோடு. கண்டிகை, மேலக்கோட்டையூர், புதுப்பாக்கம்... காலேஜ், அப்பார்ட்மென்ட், மறுபடி காலேஜ். கேளம்பாக்கத்துல ஓ.எம்.ஆரைத் தாண்டிக் கோவளம் ரோட்ல நுழைஞ்சீங்கன்னா காட்சி சட்டுனு மாறும். ரெண்டு பக்கமும் வானம் கீழ இறங்கி வந்த மாதிரி தண்ணி. உப்பளப் பாத்திகள். கொக்கு, நாரை. மூக்குல உப்புக் காத்து. 25 கிலோமீட்டர் தூரத்துல சிங்கப்பெருமாள் கோவில்னு ஒரு ஊர் இருக்கறதே மறந்து போயிடும்.

கோவளம் கடற்கரைக்கு வடக்கே கொஞ்ச தூரத்துல முட்டுக்காடு முகத்துவாரம். நம்மாளு மொண்டது அதுக்குப் பக்கத்துல. "வண்டி இறங்க ஈஸியா இருந்துச்சு மச்சான்."

வலை பிரிச்சுட்டிருந்த ஒரு அண்ணன்கிட்டப் போய் விஷயத்தைச் சொன்னோம். அவர் பீடியை வாயிலேருந்து எடுக்காமலே சிரிச்சார். "இன்னா தம்பி, மழ விட்டு மூணா நாளு முகத்துவாரத்துல போயி மொண்டுகினியா? அது கடலா? மொத்த மெட்ராஸும் கழுவி ஊத்துன தண்ணி அது!"

அவர் கையை மேற்கே நீட்டிக் காட்டின திசையை அப்புறம் மேப்ல போட்டுப் பார்த்தோம். பாருங்களேன்... சேலையூர், செம்பாக்கம் ஏரிங்க நிரம்பினா தண்ணி ஒண்ணுலேருந்து ஒண்ணா வழிஞ்சு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகும். (2022ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்த அதே பள்ளிக்கரணை.) அங்கேருந்து ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய். கால்வாய்லேருந்து தெற்கே இறங்கி முட்டுக்காடு. அங்கேருந்து கடல். வழியில எத்தனை அப்பார்ட்மென்ட், எத்தனை பாத்ரூம், எத்தனை வாஷிங் மெஷின்! சாக்கடையில நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கலந்து வரும். வடகிழக்குப் பருவமழை சீஸன்ல நம்ம கரையோரக் கடல்ல உப்பு குறையறது சாதாரணம். முகத்துவாரத்துல கேக்கவே வேண்டாம். தென்சென்னைப் புறநகர் மொத்தத்தோட அழுக்கையும் ஏழு கேன்ல பிடிச்சு, 'கடல்'னு பேர் வச்சு மாடிக்கு ஏத்தியிருக்கான் நம்ம ஆளு. ரூம்ல வளர்ந்த பாசிக்கு யார் சாப்பாடு போட்டதுன்னு இப்போ தெரியுதா?

2019 ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி, திருவான்மியூர்லேருந்து ஈ.சி.ஆர். வரைக்கும் அலை நீலமா மின்னுச்சு, ஞாபகம் இருக்கா? வாட்ஸ்அப் முழுக்க அந்த வீடியோதான். பாதிச் சென்னை பீச்சுக்கு ஓடுச்சு. அது நாக்டிலூக்காங்கற ஒத்தைச் செல் உயிர் கூட்டமா பெருகினதால வந்த வெளிச்சம். பார்க்க அழகு. ஆனா அது அளவுக்கு மீறிப் பெருகிச் சாகறப்போ தண்ணியில ஆக்ஸிஜன் காலியாகும், மீன் சாகும். அதே வருஷம் டிசம்பர் ஆரம்பத்துல மெரினா, பட்டினப்பாக்கம் பக்கம் வெள்ளை நுரை ஒதுங்கி, பசங்க அதுல குதிச்சு செல்ஃபி எடுத்தாங்க. அது மழைத் தண்ணியோட வந்த சாக்கடை நுரை. நம்ம ரூம் தொட்டியில நடந்ததோட பெரிய சைஸ் ரிலீஸ்தான் ரெண்டுமே.

நுரைன்னதும் இன்னொண்ணு. கடல் தொட்டிக்கு 'ப்ரோட்டீன் ஸ்கிம்மர்'னு ஒரு சாமான் உண்டு. தண்ணியில பொடிப் பொடிக் குமிழா காத்தடிச்சா, அழுக்குப் புரதம் குமிழ்ல ஒட்டி நுரையா மேல ஏறும். அதைத் தனிக் கப்புல வழிச்சுக் கொட்டிடலாம். பட்டினப்பாக்கம் நுரையை ஒரு டப்பாவுக்குள்ள அடக்கின மாதிரி. உப்புத் தண்ணியிலதான் குமிழ் அவ்வளவு பொடியா வரும். அதனால நன்னீர்த் தொட்டியில இது சரிப்படாது. நண்பன் காசு மிச்சம் பிடிக்க இதை வாங்காம விட்டிருந்தான்.

அண்ணன் எங்க மேல இரக்கப்பட்டு, மறுநாள் விடிகாலை ஃபைபர் போட்ல வலை வைக்கப் போறப்போ கேனையும் ஏத்திக்கிட்டார். "கரையில மொள்ளாத. உள்ள போயி, கலங்கல் இல்லாம நீலமா இருக்குற எடத்துல மொள்ளணும். மழ சீஸன்ல இந்த வேலையே வச்சுக்காத." டீசல் காசு மட்டும் வாங்கினார். அந்தத் தண்ணி 1.022 காட்டுச்சு. கடல் உப்புக் கலவை கொஞ்சம் போட்டு 1.025க்குக் கொண்டுவந்தோம்.

ஊர்லேருந்து ஒரு போன்

அன்னைக்குச் சாயங்காலம் நண்பனோட அம்மா போன் பண்ணாங்க. ஸ்பீக்கர்ல போட்டான். இத்தனை நாளா தொட்டி வாங்கினதையே வீட்ல சொல்லலை அவன். காசைக் கரியாக்கிட்டோமேனு பயம். அன்னைக்கு என்னவோ, உடைஞ்சு சொல்லிட்டான். மீன் செத்ததையும் சொன்னான். பாசி பத்தியும் சொன்னான்.

அந்தப் பக்கம் ரெண்டு செகண்ட் அமைதி. அப்புறம் சிரிப்பு. "ஏன்டா, நாங்க பாசி கிடைக்கலைன்னு அழுதுக்கிட்டு இருக்கோம். நீ பாசி வந்துருச்சுன்னு அழுகுறியா?"

அவங்க தொழிலே பாசி எடுக்கறது பாஸ்! மண்டபம், பாம்பன் பக்கத்துல பெண்கள் கடல்ல மூழ்கிப் பாசி எடுத்துக் குடும்பம் நடத்தறாங்க. கண்ணுக்குக் கண்ணாடி, விரல்ல கிழியாம இருக்க துணி சுத்திக்கிட்டு, காலுக்குத் துடுப்பு மாதிரி தகரத் தட்டு. மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசினு ஒவ்வொண்ணுக்கும் பேர் உண்டு. மரிக்கொழுந்துலேருந்துதான் அகர் எடுக்கறாங்க. பயோடெக் படிக்கறவங்களே, உங்க லேப்ல பெட்ரி டிஷ்ல ஊத்தறீங்களே, அந்த அகர். மாசத்துல 12 நாள்தான் எடுக்கறதுன்னு அங்க பெண்களே கட்டுப்பாடு போட்டுக்கிட்டாங்க. இவங்களுக்காகக் குரல் கொடுத்த பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015ல அமெரிக்காவோட சீகாலஜி விருது கிடைச்சுது.

அம்மா கேட்ட முதல் கேள்வி, "புடுங்கும்போது வேரோட வருதா, நுனி மட்டும் வருதா?" அவன் டூத்பிரஷ் வச்சு மேலாக்கத் தேய்ச்சதைச் சொன்னான். "அதான் திரும்பத் திரும்ப வருது. மரிக்கொழுந்தை நாங்க அடியை விட்டுட்டு மேல மட்டும்தான் எடுப்போம். அப்பத்தான் அடுத்த தடவைக்கு வளரும். நீ அதையே செஞ்சா? பாறையை வெளிய எடு. அடியோட எடு. உதிர்ந்த துணுக்கைத் தண்ணியில விடாத. பெப்சிப் பாசி மாதிரி ஆயிரும்."

பெப்சிப் பாசிங்கறது கப்பாஃபைகஸ். பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி. 1990கள்ல ஆராய்ச்சிக்காக மண்டபத்துக்கு வந்து, அப்புறம் பெப்சி கம்பெனி மூலமா பாக் விரிகுடாவில பெரிய அளவுல வளர்க்க ஆரம்பிச்சாங்க. அதனால ஊர்க்காரங்க வச்ச பேர். அதுலேருந்து எடுக்கற கராஜீனன் ஐஸ்க்ரீம்லயும் டூத்பேஸ்ட்லயும் சேருது. பல குடும்பங்களுக்கு அது வருமானம். ஆனா 2008ல குருசடைத் தீவுல பவளப்பாறை மேல அது படர்ந்து மூடறதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு பண்ணாங்க. வெளிச்சம் போகாம மூடினா பவளம் செத்துடும். வனத்துறை ஆள் விட்டுக் கையால பிடுங்க வேண்டியதாச்சு. ஒரு துணுக்கு ஒட்டிட்டிருந்தாலும் மறுபடி வளரும் ஜாதி அது.

"பொறுமையாப் பண்ணு. ஒரு மாசம் ஆகும். எத்தனை ரூவா ஆச்சு?"ன்னாங்க. அவன் நிஜத் தொகையில பாதியைச் சொன்னான். "சரி, இருக்குற மீனையாவது காப்பாத்து"ன்னுட்டு வச்சுட்டாங்க. அவன் அதுக்கப்புறம் ஓ.எல்.எக்ஸ் பேச்சே எடுக்கலை.

ஒரு மாசம்

மிஞ்சின மீனை வாளியில விட்டு, ஏர் பம்ப் போட்டோம். பழைய மணல் மொத்தத்தையும் தூக்கினோம். செம்பு சுண்ணாம்பு மணல்லயும் பாறையிலயும் ஒட்டிக்கிட்டு, பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமா கசியும். மணல் போச்சுன்னு பாறையைப் போட மனசு வரலை. அதுல பாக்டீரியா குடியிருக்கே. அதனால பாறையைக் குழாய்த் தண்ணியில கழுவாம, கடல் தண்ணி வாளியில வச்சே அடியோட தேய்ச்சோம். டூத்பிரஷ்ல பேஸ்ட் வைக்காதீங்கனு சொல்லத் தேவையில்லைதானே? பாசியிலேருந்து எடுத்ததை வச்சுப் பாசியைத் தேய்க்கறது கவிதையா இருக்கும், மீனுக்கு ஆகாது. ஃபில்டர்ல ஆக்டிவேட்டட் கார்பன் பை. வாராவாரம் அஞ்சுல ஒரு பங்கு தண்ணி மாத்தல். செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஸ்கிம்மர். முதல் நாளே அதோட கப்புல டீ டிகாஷன் மாதிரி ஒரு திரவம் சேர்ந்துச்சு. நாத்தம்... சொல்லக்கூடாது.

தேய்ச்சு முடிச்ச வெள்ளிக்கிழமை ராத்திரி தொட்டியைக் கறுப்பு கார்பேஜ் கவரால சுத்தி மூணு நாள் இருட்டு. மீன் தாங்கும், பாசி தாங்காது. தேய்க்காம நேரா இருட்டுல போட்டா, செத்த பாசி உள்ளயே அழுகி அம்மோனியா ஏறும். வரிசை முக்கியம். அப்புறம் லைட் டைம். பையன் காலைல காலேஜ் கிளம்பறப்போ போட்டு, ராத்திரி டெலிவரி முடிச்சு வந்து அணைக்கற பழக்கம். பதினாலு மணி நேரம்! டைமர் ப்ளக் வாங்கி ஏழு மணி நேரம் ஆக்கினோம். மேற்கு ஜன்னல் வெயில் நேரா தொட்டியில விழுந்துச்சு. ஹவுஸ் ஓனர் அக்காகிட்ட பழைய திரைச்சீலை ஒண்ணு வாங்கி மாட்டினோம்.

தீனியும் குறைஞ்சுது. மூணு வேளை ஒரு சிட்டிகைன்னு இருந்ததை ஒரு வேளை, ரெண்டு நிமிஷத்துல தின்னு தீர்க்கற அளவுன்னு மாத்தினோம். மீன் பசிக்குதுன்னு பார்க்கற மாதிரி எப்பவும் பார்க்கும். நம்பாதீங்க.

நாங்க கோட்டை விட்ட இன்னொரு இடம் குழாய். தொட்டியில தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால குறையற அளவுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். இது நண்பனுக்கும் தெரியும். ஆனா ஊத்தினது போர் தண்ணி. பாறை மேல உட்கார்ந்த ஊரோட போர் தண்ணியில சிலிக்கா இருக்கறது சகஜம். டயாட்டத்துக்குத் தினம் ஒரு சொம்பு டானிக்! கேன் வாட்டர் தேவலைனு நினைச்சு மீட்டர் வச்சா, அதுலயும் டி.டி.எஸ். பூஜ்யம் இல்லை, ருசிக்காகத் தாது சேர்ப்பாங்க. பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர் வாங்கற பெட்ரோல் பங்க் பையனுக்கு நாங்க இப்போ ரெகுலர் கஸ்டமர்.

ரெண்டாவது வாரம் மணல் மேல மறுபடி சிவப்பு வழவழப்பு. பாடலாத்ரி கலர்! சொன்னேன்ல, அந்த மேட்டர் இதுதான். இதைச் சிவப்புப் பாசின்னு சொல்றாங்களே தவிர, அது பாசியே இல்லை. சயனோபாக்டீரியா. தண்ணி ஓட்டம் இல்லாத மூலையா பார்த்துப் பாய் விரிக்கும். தோல் மாதிரி உரிஞ்சு வரும். குழாயால உறிஞ்சி எடுத்துட்டு, பம்ப் மூஞ்சியை அந்த மூலைக்குத் திருப்பினோம். மூணு தடவை வந்துச்சு, மூணு தடவை எடுத்தோம். நாலாவது தடவை வரலை.

மார்ச் முதல் வாரம் செம்பு டெஸ்ட்ல கலர் மாறலை. அடுத்த நாள், அதுக்கடுத்த நாள், மறுபடி பார்த்தோம். பூஜ்யம். அப்பவும் நண்பனுக்கு நம்பிக்கை வரலை. அஞ்சு நத்தையைக் கொன்னவன் இல்லையா. ஒரே ஒரு நத்தை வாங்கி, பையோட தண்ணியில மிதக்க விட்டு, சொட்டுச் சொட்டா தொட்டித் தண்ணியை அதுக்குள்ள விட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு மெதுவா பாறை மேல வச்சான். அது ஓட்டுக்குள்ள சுருங்கிக்கிட்டு அசையவே இல்லை. லைட்டை அணைச்சோம். வெளிய போய் டிபன் சாப்பிட்டு வந்தோம். அசையலை. பதினோரு மணி செங்கல்பட்டு ரயில் போற சத்தம் கேட்டுச்சு. அவன் படுக்காம தரையில உட்கார்ந்து செல்போன் வெளிச்சத்தைத் தொட்டி மேல அடிச்சுட்டே இருந்தான்.

பன்னெண்டரை இருக்கும், என்னைக் காலால எத்தி எழுப்பினான். நத்தை பாறையில இல்லை. முன்பக்கக் கண்ணாடியில பாதி உயரத்துல இருந்துச்சு. அது ஏறி வந்த வழி மட்டும், பச்சைப் படலத்துல விரல் அகலத்துக்கு ஒரு கோடா, கண்ணாடி பளிச்னு தெரிஞ்சுது. அந்தக் கோட்டு வழியா க்ளவுன் மீன் எங்களைப் பார்த்துட்டு நின்னுச்சு.

"அம்மாவுக்கு போட்டோ அனுப்பணும்டா, லைட்டைப் பிடி"ன்னான்.